முப்பத்தொரு பெட்டி

தூத்துக்குடியில் ரயிலைவிட்டு இறங்கியதுமே திரௌபதி கேட்டாள்: "குடோனுக்கு எப்ப போவணும் தம்பி?"

"மூணு மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்காங்கக்கா," என்றான் பிரேம்நாத். "அதுவரைக்கும் ஊரச் சுத்திப் பாக்கலாம். நானும் இந்தப் பக்கம் வந்ததில்ல."

மணி ஏழுகூட ஆகவில்லை. இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது.

விருத்தாசலத்தில் பிரேம்நாத்தின் அப்பா நல்லமுத்து நடத்தும் பீங்கான் கம்பெனியில் திரௌபதி பத்தொன்பது வருஷமாக பேக்கிங் வேலை பார்க்கிறாள். இப்போது பேக்கிங் பகுதிக்கே பொறுப்பு அவள்தான். தீபாவளிக்காக மலேசியாவுக்குப் போகவேண்டிய பீங்கான் விளக்குகள், இருநூற்று நாற்பது பெட்டி, போன வாரம் லாரியில் தூத்துக்குடிக்கு வந்திருந்தன. துறைமுகத்துப் பக்கத்துக் குடோனில் சோதனைக்காக மூன்று பெட்டியைப் பிரித்திருக்கிறார்கள். மூன்றிலும் விளக்குகள் உடைந்து கிடந்தன. "பேக்கிங்கப் பத்திக் கேட்டா நீதாம்மா பதில் சொல்லணும்," என்று சொல்லி, மகனோடு அவளையும் நல்லமுத்து அனுப்பிவைத்திருந்தார்.

அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. லாரி வந்து நின்ற அந்த வியாழக்கிழமை, இருநூற்று ஒன்பதாவது பெட்டியோடு விளக்குகளைச் சுற்றுகிற பபுள் ஷீட்டு தீர்ந்துபோகிற நிலைமைக்கு வந்துவிட்டது. மழை இருட்டிக்கொண்டு நின்றது. முதலாளி போனில், "இன்னுமா ஏத்துறீங்க, இன்னுமா ஏத்துறீங்க" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்தினார். வழக்கமாக ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு சுற்று. திரௌபதி ஒரு சுற்றோடு நிறுத்தச் சொன்னாள். இடைவெளியில் பேப்பரைக் கசக்கித் திணிக்கச் சொன்னாள். "ஒரு சுத்து போதுமாக்கா?" என்று இனியா என்கிற பெண் கேட்டதற்கு, "போதும், கட்டு," என்றாள். அப்படிப் போனவை முப்பத்தொரு பெட்டி. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிரேம்நாத் முதலில் பனிமய மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனான். வெள்ளைவெளேரென்று நின்ற கோயிலைப் பார்த்து, போர்த்துக்கீசியர் வந்த கதை, அதற்கும் முன்னால் இங்கே முத்துக் குளித்த கதை எல்லாம் போனைப் பார்த்துப் படித்துச் சொன்னான். திரௌபதி தலையாட்டினாள். பிரித்த பெட்டிகள் என்ன நம்பராக இருக்கும் என்பதிலேயே அவள் நினைப்பு இருந்தது. கடைசியாக ஏற்றினதைத்தானே முதலில் இறக்குவார்கள்? முதலில் இறக்கினதைத்தானே பிரிப்பார்கள்?

பிறகு அந்த ஊருக்குப் பேர்போன முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கினார்கள். அவன் நாலைந்து சாப்பிட்டான். அவள் வாயில் போட்ட ஒன்று என்ன ருசி என்றே தெரியாமல் கரைந்துபோனது.

ஆட்டோவில் துறைமுகத்துப் பக்கக் கடற்கரைக்குப் போனார்கள். வழியில் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. எதிரே நீளநீளமான காற்றாலை இறக்கைகளை ஏற்றிக்கொண்டு லாரிகள் ஊர்ந்து வந்தன. கடற்கரையிலிருந்து பார்த்தால் துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் தெரிந்தன. தூரத்தில் நாலு கப்பல் அசையாமல் நின்றது. கடலூரில் அவள் கடலைப் பார்த்திருக்கிறாள். ஆனால் தன் கையால் கட்டிய பெட்டி எந்த வழியாகப் போகிறது என்பதை இதுவரை பார்த்ததில்லை.

"உக்காருங்கக்கா. கால்ல சக்கரம் கட்டினாப்ல இப்படி அங்கயும் இங்கயும் நடக்குறீங்களே."

உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். "மணி என்ன தம்பி?"

"இப்பதான கேட்டீங்க. பன்னெண்டு பத்து."

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "தம்பி, அன்னைக்கு லாரி ஏத்தும்போது..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் அவன் போன் அடித்தது. அப்பாதான். பேசிக்கொண்டே அவன் தண்ணீர் ஓரமாக நடந்து போய்விட்டான். திரும்பி வந்தபோது அவளுக்குத் தைரியம் போயிருந்தது.

மூன்று மணிக்குக் குடோனில் நுழைந்ததும் அவள் நேராகப் பெட்டிகளிடம் போனாள். பிரித்த மூன்றும் தனியாக இருந்தன. 238, 239, 240.

குடோன் சூப்பர்வைசர் அந்த ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். உடைந்த விளக்கு ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினார். "இங்க இறக்குறப்ப ஒண்ணும் ஆகலை. வார வழியிலதான் ஒடஞ்சிருக்கு. லாரிக்காரன் என்ன வேகத்துல வந்தானோ. இல்ல, பேக்கிங்லதான் கொறையா? என்ன சொல்லுதீங்க?"

பிரேம்நாத் அவளைக் கேட்கவே இல்லை. "எங்க பேக்கிங்ல ஒரு குறையும் கெடையாது சார். கலியமூர்த்தின்னு பெண்ணாடத்து டிரைவர். குழி மேடு பாக்காம ஓட்டியிருப்பாரு."

"அப்ப அதையே எழுதிக் குடுங்க. பேக்கிங் பொறுப்புல இருக்கவங்க கையெழுத்துப் போடட்டும். இந்த மூணையும் எடுத்துட்டு மிச்சத்த இன்னைக்கே ஏத்திரலாம். கப்பல் நாளைக்குப் போவுது."

பிரேம்நாத்தே எழுதினான். பேப்பரையும் பேனாவையும் அவளிடம் நீட்டினான்.

கலியமூர்த்தியை அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். இவர்கள் சரக்கை ஏற்றினால், முட்டை ஏற்றினமாதிரிதான் ஓட்டுவார். அவர் ஓட்டினதில்தான் உடைந்தது என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் விருத்தாசலத்தில் எந்தக் கம்பெனியும் அவர் லாரியில் பீங்கான் ஏற்றாது.

"தம்பி, நான் கையெழுத்துப் போடல," என்றாள்.

"ஏங்க்கா?"

"கலியமூர்த்தி அண்ணன் மேல தப்பில்ல. ஷீட்டு பத்தல. எரநூத்திப் பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரு சுத்துதான் சுத்தியிருக்குது. நான்தான் அப்படிக் கட்டச் சொன்னேன்."

பிரேம்நாத் அவளையே பார்த்தான். பிறகு கோபமாக, மெதுவான குரலில், "காலையிலேருந்து கூடவேதான இருக்கீங்க? அப்ப சொல்ல வேண்டியதுதான?" என்றான்.

"சொல்ல வந்தேன். வாய் வரல."

சூப்பர்வைசர் அந்தப் பேப்பரை வாங்கி மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "ஒரு சுத்துன்னா கப்பல் ஆட்டத்துக்கு ஒண்ணுகூட மிஞ்சாதும்மா. முப்பத்தொண்ணையும் பிரிச்சுக் கட்டுங்க. ஆனா இந்தக் கப்பல் கெடைக்காது. அடுத்தது எட்டு நாள் கழிச்சுத்தான்."

பிரேம்நாத் ஆட்டோ பிடித்துப் போய் ஷீட்டு வாங்கி வந்தான். அதை அவள் பக்கத்தில் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றான். திரௌபதி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தாள். ஒவ்வொரு விளக்கையும் காதருகில் வைத்துச் சுண்டிப் பார்த்தாள். ஓசை நன்றாக இருந்தால் இரண்டு சுற்று, மங்கலாக இருந்தால் உள்ளே விரிசல் என்று ஓரத்தில் வைத்தாள். ஐந்தாவது பெட்டிக்கு மேல் பிரேம்நாத்தும் வந்து எதிரே உட்கார்ந்து டேப் ஒட்ட ஆரம்பித்தான். அன்றைக்குப் பாதியும் மறுநாள் மீதியுமாக முடித்தார்கள். உடைந்ததும் விரிசல் விட்டதுமாக நூற்றுப்பதினேழு விளக்குகள் வீணாகியிருந்தன.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனபோது கேட்டிலேயே நல்லமுத்து நின்றிருந்தார். மகன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான்.

"மலேசியாக்காரரு போன்ல காச்சி எடுத்துட்டாரு," என்றார். "ஷீட்டு இல்லன்னு அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா லாரிய நிறுத்தியிருப்பனே."

"நிறுத்தியிருப்பீங்களா மொதலாளி?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் பயம் வந்தது.

அவர் தெருவில் மண் ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "கொஞ்ச நாளைக்கு பேக்கிங்க இனியா பாக்கட்டும். நீ கிளேஸ் போடுற எடத்துக்குப் போ," என்றார்.

போனாள். அங்கே பளபளப்புப் பூச்சைப் பாலாகக் கரைத்து வைத்திருந்த தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தார்கள். கிண்ணத்தை எத்தனை நொடி முக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். முதல் மூன்று கிண்ணத்தில் பூச்சு திட்டுத்திட்டாக விழுந்தது. துடைத்துவிட்டு, நாலாவதை எடுத்தாள்.