முந்திக் கொடுத்த ரொட்டி

1

"அப்போ எல்லாத்தையும் திருப்பி வாங்கணுமா?"

"எப்படிக்கா வாங்குவீக? தின்னுட்டாங்க."

"அம்பத்தாறு பன்னையுமா?"

"ஒண்ணு மீதி இருந்துச்சு. அதையும் ஃபாதர் எடுத்துட்டுப் போயிட்டாரு, கட்டன்சாயாவுக்குத் தொட்டுக்க."

"அதையாவது கேட்டு வாங்கேன்."

"வாங்கி? அந்தோணியார்கிட்ட காட்டி, ஒண்ணு மட்டும் இன்னும் தின்னலன்னு சொல்லவா?"

இந்தப் பேச்சு நான் காதால் கேட்டது. சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மூணாறு போகும் பஸ்ஸுக்காக நின்றவள் மழைக்கு அதன் முகப்பில் ஒதுங்கினேன். பையில் ஏதோ ஒரு குளிர்நாட்டு நாவல், தமிழில் வந்தது. அதில் ஒரு பாதிரியார் தொண்ணூறு பக்கமாகக் கடவுளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அப்போது யாரோ என் கையில் ஒரு பன்னை வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார்கள். எனக்குப் பசி. எதற்கு என்று கேட்காமல் தின்றுவிட்டேன். தின்று முடித்த பிறகுதான் மேலே உள்ள பேச்சு காதில் விழுந்தது.

இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். அம்பத்தாறில் ஒன்று என் வயிற்றுக்குள் போனது.

கேள்வி கேட்டவளுக்கு வேலுத்தாய் என்று பெயர் வைக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள், லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருப்பவள், காளியம்மனைக் கும்பிடுகிறவள். பதில் சொன்னவள் பெர்சி. கோயிலில் மணி அடிப்பது, பெருக்குவது, மெழுகுவர்த்தித் தட்டைச் சுரண்டுவது எல்லாம் அவள் வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் ஒன்றைக் கேட்டு, அது கிடைத்துவிட்டால், கிடைத்தவர் ஒரு கூடை ரொட்டி கொண்டுவந்து வாசலில் எல்லாருக்கும் கொடுப்பார்.* ரொட்டிக்கூடை வந்தால் யாரோ ஒருவருக்குப் பதில் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

வேலுத்தாய்க்கு அது தெரியாது. அவள் மகள் ஆர்த்திக்கு மார்பில் ஒரு கட்டி. அதில் ஊசி குத்தித் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், ரிசல்ட் வியாழக்கிழமை. வெறுங்கையோடு போய் எப்படிக் கேட்பது என்று கூடையோடு வந்துவிட்டாள். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டாள்.

* பெயர் அந்தோணியார் ரொட்டி. பக்கத்துப் பேக்கரியில் கிடைப்பது பன். அந்தோணியார் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

மூடுபனி மலையிலிருந்து மெல்ல இறங்கிவந்த அந்த மாலையில்

(வேண்டாம். இந்த மலையைப் பற்றி எழுதுகிற எல்லாரும் பனியோடுதான் இறங்குகிறார்கள். அன்றைக்குப் பெய்தது மழை.)

பெர்சிக்குக் கடவுள்மேல் நம்பிக்கை இருந்தது, கடவுளுக்குப் பெர்சிமேல்

(இது பையில் இருந்த நாவலின் குரல். என்னுடையது என்று நினைத்து ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.)

பெர்சி காலிக்கூடையைக் கவிழ்த்து உதறினாள்.

இது போதும். இனி பெர்சியின் பின்னாலேயே போகலாம்.

பெர்சி காலிக்கூடையைக் கவிழ்த்து உதறினாள். எள்ளும் பன் துகளும் படியில் விழுந்தன. எதிரே வேலுத்தாய் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் நின்றாள்.

"எங்க காளிக்கெல்லாம் பொங்க வச்சிட்டுத்தான் பேச்சே ஆரம்பிப்போம். உங்க சாமிக்கு மட்டும் எதுக்கு இப்படி ஒரு சட்டம்?"

"சட்டமெல்லாம் இல்லக்கா. வழக்கம்."

"வாங்கித் தின்ன அத்தன பேரும் கையப் புடிச்சு, நல்லாருக்கட்டும் புள்ளன்னு சொன்னாங்க. நான் என்னமோ ஆசீர்வாதம் பண்றாங்கன்னுல்ல நெனச்சேன்."

"ரிசல்ட் நல்லதா வந்துருச்சுன்னு நெனச்சுச் சொல்லிருக்காங்க."

வேலுத்தாயின் கை நின்றது. "அப்போ சேதி லயம் பூராப் போயிருக்குமே."

போயிருக்கும். பெர்சிக்கு அதைவிட வேறொன்று உறுத்தியது. பதினோரு வருஷமாக அவள் இந்த வாசலில் ரொட்டி கொடுக்கிறாள். பெட்டியில் விழும் மன்றாட்டுச் சீட்டுகளை எடுத்துப் பீடத்தில் வைப்பவளும் அவள்தான். விசா வேண்டும், குடி நிற்க வேண்டும், குழந்தை தங்க வேண்டும். சீட்டு மூட்டையாக வரும். ரொட்டி ஒரு கூடை வரும். கிடைத்தவர்கள் முன்வாசலில் நின்று கொடுப்பார்கள். கிடைக்காதவர்கள் பக்கவாசல் வழியாகப் போய்விடுவார்கள். அவர்களுக்கென்று ஒரு கிழமை கிடையாது. வாசலில் நின்று பார்க்கிறவனுக்கு அந்தோணியார் கேட்டதெல்லாம் கொடுப்பதாகத்தான் தோன்றும். இன்னும் பதில் வராத ஒருத்தியின் ரொட்டி அந்தப் படியில் கொடுக்கப்பட்டது இதுதான் முதல் தடவை.

பெர்சி ஒருமுறைகூடக் கூடை கொண்டுவந்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மாவுக்கும் இதே போல ஒரு கட்டி இருந்தது.

(இந்த அம்மாவை நான் சேர்த்தேன். சேர்த்த பிறகு எடுக்க மனம் வரவில்லை. உண்மையில் அந்தக் கோயில்காரப் பெண் யாரையாவது இழந்தாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கூடையை உதறும்போது அவள் தேவைக்கு அதிகமான நேரம் உதறினாள்.)

3

இங்கே ஃபாதர் வருவதாக இருந்தது. அரைப்பக்கம் அவரைப் பேசவைத்தேன்: விசுவாசம், சித்தம், காத்திருத்தல். அழகாகத்தான் இருந்தது. திரும்பப் படித்தபோது அங்கியைப் போட்டுக்கொண்டு நானே பேசுவது தெரிந்தது. அடித்துவிட்டேன். எஞ்சியது இவ்வளவுதான்.

"ஃபாதர், கெடைக்கிறதுக்கு முன்னாடியே ரொட்டி குடுத்தா அதுக்கு என்ன அர்த்தம்?"

ஃபாதர் மலையாளி, கேரளத்துப் பாலா ஊர்க்காரர். தமிழை யோசித்துப் பேசுவார். "பசிச்சவன் தின்னான் இல்லே பெர்சி? அது மதி. போதும்."

"அதுக்கில்ல ஃபாதர். அது பொய்யாயிருச்சுன்னா?"

அவர் டம்ளரில் பன்னைத் தோய்த்தார். அது பாதி உடைந்து சாயாவுக்குள் விழுந்தது. கரண்டி தேடப் போனவர் திரும்பி வரவில்லை.

4

புதன்கிழமை காலை ஜீப் நிற்கும் வளைவில் ஆர்த்தி நின்றாள். மூணாறில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. நீலப் புடவை, நெஞ்சில் பெயர்ப்பட்டை. பத்து நாளாக லீவில் இருந்தவள். பால் வாங்கப் போன பெர்சியைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நேத்துதான் தூங்குனேன். பத்து நாளாச்சு தெரியுமா. அலாரம் அடிச்சுக்கூட முழிப்பு வரல. அம்மா வந்து தண்ணி தெளிச்சுச்சு."

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"அது சாமியாராயிருச்சு, வாயத் தொறக்கவே இல்ல. ரிசல்ட் நல்லதுன்னு லயத்துல எல்லாருந்தான் சொன்னாங்க. ஆசுபத்திரில இருந்து அம்மாவுக்குப் போன் பண்ணிருப்பாங்கபோல. நாளைக்குப் பேப்பர் மட்டும் வருமாம்."

ஜீப்பிலிருந்து பாண்டி ஹாரன் அடித்தான். "ஏ ஆர்த்தி, கதைய ஓட்டல்ல போயி வெள்ளக்காரங்கிட்டச் சொல்லு. ஏறு."

"இந்தா வாரேன்ல. ஒனக்கென்ன, நெறஞ்ச வண்டிய நெறைக்கணும்." அவள் பெர்சியின் கையை விடவில்லை. "நீங்களும் எனக்காகக் கேட்டீங்களாக்கா?"

பெர்சி பால் தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

(இந்த இடத்தில் இரண்டு பிரதிகள் உண்டு. முதல் பிரதியில் பெர்சி உண்மையைச் சொல்கிறாள். ஆர்த்தியின் முகம் எப்படி மாறியது என்று ஐந்து வரி எழுதினேன். நல்ல ஐந்து வரிகள். ஆனால் சொல்லிவிட்டால் ஆர்த்திக்கு மிச்சம் இருக்கும் இரவு ஒன்றுதான், அதுவும் போய்விடும். அதை எடுக்க பெர்சிக்குக் கை வருமா? அவளுக்கு வரும் என்று நான் எழுதினால் அது அவளாக இருக்காது. நேர்மையான கதாபாத்திரம் வேண்டும் என்று நினைக்கும் வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.)

"ஜீப்பு போயிரும், ஏறு," என்றாள் பெர்சி.

ஜீப் வளைவில் மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். அந்தப் பெண் தூங்கியிருக்கிறாள். பத்து நாள் மாத்திரைக்கு வராத தூக்கம், ஒரு தவறான கூடைக்கு வந்திருக்கிறது. இதை எதில் சேர்ப்பது? கேட்டது கிடைத்ததிலா? யாரும் தூக்கத்தைக் கேட்கவே இல்லையே. பொய்யால் வந்ததைக் கடவுள் கொடுத்தது என்று சொல்லலாமா? பெர்சிக்கு இப்படி யோசித்துப் பழக்கமில்லை. பால் தூக்கில் மழை விழுந்துகொண்டிருப்பதைக்கூட அவள் பார்க்கவில்லை.

5

முடிவுகள் பற்றி.

ரிசல்ட் நல்லதாக வந்தது என்று எழுதலாம். ஒரே ஒரு வரி. எழுதிப் பார்த்தேன், பேனாவை மூடுவதற்குள் கூச்சம் வந்துவிட்டது. அந்தோணியார் இருக்க வேண்டிய இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டு, பாருங்கள் ஜெபம் கேட்கப்பட்டது என்று சொல்வது போல இருந்தது. காகிதத்தில் நான் கொடுத்ததை வைத்து, அவரும் கொடுப்பார் என்று எப்படிச் சொல்வது?

கெட்டதாக வந்தது என்று எழுதலாம். என்னைப் போல நாவல் படிப்பவர்களுக்கு இதுதான் பிடிக்கும். வாழ்க்கையைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்பார்கள். ஆனால் துளி எடுத்த நர்ஸ் வேலுத்தாயிடம் சொல்லியிருந்தாள்: "முக்காவாசி சும்மா கட்டிதான் சேச்சி, பயப்படாதீங்க." அப்படியிருக்க, கெட்ட முடிவு மட்டும் ஏன் நிஜம் போலத் தெரிகிறது? நல்லது நடந்தால் ஜெபம் என்கிறோம், தற்செயல் என்கிறோம், இரண்டுக்கும் சண்டை போடுகிறோம். கெட்டது நடந்தால் மட்டும் உடனே நம்பிவிடுகிறோம். எனக்கு இது விசித்திரமாக இருக்கிறது.

மூன்றாவது வழி: தெளிவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று பேப்பரில் இருக்கிறது. (கோழைத்தனம். அடித்தாகிவிட்டது.)

நேரே போய்க் கேட்டுவிடலாமே என்பீர்கள். பஸ் இருக்கிறது, கோயில் இருக்கிறது, அந்த இரண்டு பெண்களும் இருப்பார்கள். இரண்டு தடவை கிளம்பினேன். இரண்டாவது தடவை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். பிறகு இறங்கினேன், ஏனென்றால்

சரி, அதை விடுங்கள். வேறொன்று சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை வேலுத்தாய் கூடையோடு வந்தபோதே அந்தத் துளி ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தகட்டில் காய்ந்துவிட்டது. அது என்னவோ, அதுவாக ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கேட்பது, நடந்ததை மாற்றச் சொல்லிக் கேட்பதுதான். நிஜத்தில் அது எப்படி முடியும் என்று எனக்குப் புரியவில்லை. இந்தக் காகிதத்தில் முடியும். இங்கே ரிசல்ட் வரும் கவருக்குள் இருக்கும் பேப்பர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது, நான் எழுதவில்லை.

6

வியாழக்கிழமை நாலரை மணிக்கு வேலுத்தாய் வந்தாள். கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டிய படுதா சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. பெர்சி மெழுகுவர்த்தித் தட்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பாண்டி கொண்டாந்துட்டான்." வேலுத்தாய் ரவிக்கைக்குள்ளிருந்து கவரை எடுத்தாள். ஓரம் நனைந்திருந்தது; வாயில் அடித்த ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது. "இங்கிலீசுல இருக்குமாம். நீதான் பன்னெண்டு படிச்சவ."

"ஆர்த்திகிட்ட உண்மையச் சொன்னீகளா?"

"வாய் வரல பெர்சி. நேத்தும் அடிச்சுப்போட்ட மாதிரித் தூங்குச்சு. அத எழுப்பி என்னத்தச் சொல்ல?"

பெர்சி கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். கவரின் ஒரு முனை அவள் விரலில் பட்டது. வேலுத்தாய் மறுமுனையை விடவில்லை.

"பிரிக்காத. மொதல்ல நீ கேளு."

"என்னத்தக்கா கேக்க? உள்ள எழுதித்தான் இருக்கும்."

"அது எனக்குத் தெரியாதா? கொழுந்த நிறுத்து எடை போட்டபெறகு, இன்னும் ரெண்டு கிலோ ஏறட்டும்னு கேக்கற கதைதான். இருந்தாலும் கேளு."

"நீங்களே கேளுங்க. உங்க புள்ள."

"நான் கேட்டுத்தானே ஊரே சிரிக்கப் போகுது. உனக்குத்தான் மொறை தெரியும்."

"மொறை மட்டுந்தான்க்கா தெரியும்," என்றாள் பெர்சி.

வேலுத்தாய்க்கு அது புரியவில்லை. புரியவைக்க பெர்சியும் முயலவில்லை. பதினோரு வருஷமாக மற்றவர்களின் சீட்டுகளை அவள் பீடத்துக்குச் சுமந்திருக்கிறாள். அம்மாவைப் புதைத்த பிறகு சொந்த வாயால் எதையும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது கோபம் என்றுகூட அவள் நினைக்கவில்லை. வேலை அதிகம் என்றுதான் நினைத்திருந்தாள்.

கத்தியைத் தட்டில் வைத்தாள். முழங்காலிட்டாள். வேலுத்தாயும் சாக்கு சலசலக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கவரை மடியில் வைத்துக்கொண்டாள். பெர்சி மனப்பாடமான ஜெபத்தை ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தினாள். தொண்டையைச் செருமினாள்.

(நான் இங்கே நின்றுகொள்கிறேன். அவள் யாரைப் பார்த்துக் கேட்கிறாளோ அவர் நான் இல்லை. நீங்களும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சின்னக் கோயிலில் இப்போது அவள் குரல் கேட்கும் தூரத்தில் இருப்பவர்களில் நீங்களும் ஒருவர்.)

"ஆண்டவரே, உள்ள ஏற்கெனவே எழுதித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேக்கேன். ஆர்த்திக்கு ஒண்ணும் இல்லாம இருக்கட்டும்."