ஏழாவது கயிறு

நண்பனின் கல்யாணத்துக்குப் போன இடத்தில் நான் தீவை அவிழ்த்துவிட்டேன். காலை பத்தேகால் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் நாற்பத்தொரு பேரும் படகைவிட்டு இறங்கி, பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டு விடுதியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் பிற்பகல் படகில் வருவதாக ஏற்பாடு. படகுத்துறையில் ஏழு இரும்பு வளையங்கள், ஏழு கயிறுகள். ஆறு கயிறுகள் படகுகளுக்குப் போயின. ஏழாவது நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. நான் பதினாறு வருடமாக லிஃப்ட் பழுதுபார்ப்பவன். லிஃப்டைத் தூக்கும் கயிறுகளில் ஒன்று மட்டும் விறைத்திருந்தால் சுமை முழுவதும் அதன் தலையில் விழும். அதைத் தளர்த்தி மற்றவற்றோடு சமன்செய்வதுதான் எங்கள் தொழிலின் பாதி. ஏழாவது கயிறு விறைத்திருந்தது, கை தானாகப் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். விடுதி மேலாளர் மட்டும், “ஏழாவது கயித்தத் தொடாதீங்கன்னு போர்டு வெச்சிருக்கோமே சார்” என்றார். கவனிக்கவில்லை என்றேன். அந்தப் பலகை என்னைவிட உயரம்.

மாப்பிள்ளை என் கூட்டாளி. லிஃப்ட் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் மேலே இயந்திர அறையில் நிற்பான், இன்னொருவன் கீழே லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நிற்பான். நடுவில் இருட்டுக் கிணறு மாதிரி ஒரு பள்ளம். அதன் வழியாகவே நாங்கள் பதினாறு வருடம் பேசிக்கொண்டோம். என் அப்பா இறந்த செய்தியை அவன் ஒன்பதாவது மாடியிலிருந்து மெதுவாகத்தான் சொன்னான், எனக்குக் கேட்டது. அவனுக்குப் பார்த்திருந்த பெண் வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். பதினொரு வருடம் கடைக்குள்ளேயே நின்று பிறர் பார்வையைச் சரிசெய்தவள், கல்யாணத்தையாவது கடலைப் பார்த்தபடி செய்துகொள்கிறேன் என்றாள். அதனால்தான் தீவு. தேதி குறித்த நாளிலிருந்து நான் அவனிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்: கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குத் திரும்புவியா, இல்ல அவ ஊர்லயே தங்கிடுவியா? “பாக்கலாம்டா” என்பான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் தூங்கியிருக்கிறேன், நன்றாகத் தூங்கவில்லை.

தீவு அவசரப்படவில்லை. வயதானவர் கடைக்குப் போகிற வேகத்தில் போனது. பிற்பகல் படகு குறித்த இடத்துக்கு வந்து, அங்கே தீவு இல்லாததைப் பார்த்துவிட்டுப் பின்தொடர்ந்தது. படகு எத்தனை வேகம் எடுத்தாலும் இடைவெளி நானூறு அடிக்குக் கீழே குறையவில்லை. நின்று இளைப்பாறினாலும் அது அதிகரிக்கவில்லை. இங்கிருந்து எதிரே கிளம்பிய படகுகள் அரை மணி ஓடிவிட்டுக் கிளம்பிய துறைக்கே வந்து சேர்ந்தன. நாலைந்து நாள் எல்லோரும் பதறினார்கள். பிறகு பதறுவதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. கடந்துபோன கப்பல்கள் படகுக்கு டீசலும் தீவுக்கு அரிசியும் கொடுத்தன. மாப்பிள்ளையின் பெரியப்பா தினமும் காலையில் பெட்டியைக் கட்டுவார், சாயங்காலம் பிரிப்பார். முதல் வருடத்தில் தீவு குளிர்ந்த கடலுக்குள் போனபோது தென்னைகள் ஓலைகளைச் சுருட்டிக்கொண்டன, நாங்கள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டோம். இரண்டாம் வருடம் மறுபடி வெயில். குழந்தைகளுக்குக் கல்யாண உடைகள் சின்னதாகிவிட்டன. பெரியவர்களுக்குப் பெரிதாகிவிட்டன.

தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு மணப்பெண் படகிலிருந்து ஒலிபெருக்கியில் பேசுவாள். விடுதியின் ஒலிபெருக்கியில் அவன் பதில் சொல்வான். “சாப்டீங்களா?” என்று கடல் முழுக்கக் கேட்கும். “சாப்டேன், நீ?” என்று திரும்பப் போகும். கண்ணாடிக்கடைக்காரி அல்லவா, அங்கிருந்தே அவன் சட்டையில் ஒரு பித்தான் இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிடுவாள். அவர்களுடைய சண்டைகள் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எட்டு நாள் அவர்கள் பேசிக்கொள்ளாமல் இருந்தபோது இரண்டு வீட்டாரும் சோறு தண்ணி இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். ஒன்பதாம் நாள் அவள் அம்மா ஒலிபெருக்கியைப் பிடுங்கி, “மாப்ள, அவ அழுவுறா, என்னன்னு கேளுங்க” என்று சொல்லிப் பிரச்சனையை முடித்தார்.

அந்த இரண்டரை வருடத்தில் நான்தான் அதிகம் உழைத்தேன். விடுதியின் ஒரே லிஃப்டைத் தேவையே இல்லாமல் நாற்பது தடவை பிரித்துப் பூட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவன் மேலே நின்றான், நான் கீழே நின்றேன். என்னை அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. மற்றவர்கள் திட்ட வந்தால், “தெரியாமப் பண்ணிட்டான், விடுங்க” என்பான். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவன் தலைமுடி காதோரம் நரைக்க ஆரம்பித்ததைக் கீழே இருந்து அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் என் கையிலிருந்த ஸ்பேனர் கனத்தது.

மூன்றாம் வருடம் பாதியில், ஒரு புதன்கிழமை, நான்கு மணிக்கு அவன் வருவதற்கு முன்பே போய் ஒலிபெருக்கியை எடுத்தேன்.

“தங்கச்சி, நான்தான் பேசுறேன்.”

“சொல்லுங்கண்ணே.”

“அந்தக் கயிறு விறைப்பா இல்லம்மா. ஏழும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. போர்டையும் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன்.”

கரையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா கொடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

“ஏண்ணே?”

“அவன் போயிட்டா எனக்கு யாரும்மா இருக்கா?”

“அதுக்குத் தீவையா அவுப்பாங்க?” என்றாள். கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது. “சரி, அவரு எங்க? மணி நாலாச்சு, கூப்புடுங்க.”

திரும்பிப் பார்த்தேன். அவன் பின்னால்தான் நின்றிருந்தான். என் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கி, “சாப்டியா?” என்று அவளிடம் கேட்டான்.

வியாழக்கிழமை காலை தீவு நின்றுவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. தேதிகள் அடுத்தடுத்து வருகின்றன, அவ்வளவுதான். பதினோரு மணிக்குப் படகு துறையைத் தொட்டது. அவள் இறங்கி என்னைக் கடந்துபோனாள். அவன் கன்னத்தைத் தொட்டு, “தூரத்துலேர்ந்து குண்டாத் தெரிஞ்சீங்க” என்றாள். பிற்பகலில் கல்யாணம் நடந்தது. பாதிப் பேர் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்கள், யாரும் எழுப்பவில்லை. தீவு நின்ற இடத்திலேயே நின்றது. படகுக்காரர்கள் நேர அட்டவணையை மாற்றி ஒட்டினார்கள், வரைபடம் அச்சடிப்பவர்கள் புள்ளியை நகர்த்தி வைத்தார்கள். அந்தத் தீவு முன்பு வேறு எங்கோ இருந்தது என்று சொன்னால், அதனால் என்ன என்பதுபோல்தான் இப்போது பார்க்கிறார்கள்.

மறுநாள் அறையில் நான் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். நான் மடித்திருந்த சட்டையைப் பிரித்து ஒழுங்காக மடித்தான்.

“கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?” என்றேன்.

“கேளு.”

“வேலைக்குத் திரும்பி வருவியா?”

அவன் சட்டையைப் பெட்டிக்குள் வைத்தான். நான் ‘பாக்கலாம்டா’வுக்குத் தயாராக நின்றேன்.

“வரமாட்டேன்டா,” என்றான். “அவ ஊர்லயே வேற வேலை பாத்து வெச்சாச்சு. தேதி குறிச்ச அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். உன் மூஞ்சியப் பாத்து சொல்லத் தைரியம் வரல.”