அவிழ்ப்பதற்காகக் கட்டியது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தி. நகரில், பனகல் பார்க் பக்கம் ஒரு நகைக்கடையில். எழுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழை. இருப்பதிலேயே சின்னதாக ஒரு பொட்டுத்தாலி வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் என் வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"கல்யாண வீட்டுல வேற பொம்பளைங்க யாரும் இல்லியாம்மா? நீங்க வந்திருக்கீங்க?"

"வேற யாரும் வரமாட்டாங்கய்யா."

"முகூர்த்தம் எப்போ?"

"வியாழக்கெழம காலையில."

மறுநாள் வெள்ளிக்கிழமை அதைக் கழற்றப் போகிறோம் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? கட்ட வேண்டிய மனிதர் செத்து அன்றைக்குப் பதினாலாம் நாள்.

2

தொடக்கம் மட்டும் மூன்று எழுதினேன்.

"மயிலாப்பூரில், முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில், கழுத்தில் ஒன்றுமே இல்லாத மனைவி ஒருத்தி—" விட்டுவிட்டேன். சங்கிலி போட்டிருந்தாள், பாவம்.

"சமயம் என்பது மனிதக் குடும்பத்தின்—" இது தனபாலன் மேடையில் பேசுகிற மாதிரி வருகிறது. செத்தவர் குரலை எடுத்துக்கொள்ள எனக்குப் பயம்.

"சுந்தரவல்லி அழவில்லை." பொய். நன்றாக அழுதாள்.

ஆகையால் நேராகவே வருகிறேன். தனபாலன் மின்சார ஆபீஸ் குமாஸ்தா; கறுப்புச் சட்டைக்காரர். ஐம்பத்திரண்டில் சுந்தரவல்லியை ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், மாலை மட்டும் மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டார். அப்படிப்பட்ட கல்யாணம் செல்லும் என்று அறுபத்தெட்டில் சட்டம் வந்தது. அன்றைக்குப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினார்.

"ஏய் சுந்தரம், கெஜட்டுல போட்டுட்டான். இன்னையிலேருந்து நீ என் பொண்டாட்டி."

"அப்ப இத்தன வருஷம் நான் யாராம்?"

"சிநேகிதி."

"சிநேகிதிதான் சட்னி அரச்சாளா? இனிமே பொண்டாட்டிக்கு நீங்க அரச்சுக் குடுங்க."

அரைத்தும் கொடுத்தார். (நான் பக்கத்துப் போர்ஷன். எங்களுக்கு நடுவே இருந்த சுவரில் அம்மி ஓசையெல்லாம் கேட்கும்.)

3

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான ஆள் புஷ்பம். தனபாலனின் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெள்ளைச்சாமியின் மனைவி. அவள் மகன் ரகுபதிக்குத்தான் சுந்தரவல்லியின் ஒரே மகள் தேவானையைக் கொடுப்பதாகப் பேச்சு. தேவானைக்கு ரகுபதி மேல் உயிர்.

முதல் தடவை எழுதியபோது புஷ்பத்தைக் கெட்டவளாக வைத்தேன். சுலபமாக இருந்தது. பத்தாம் நாள் ரகுபதியோடு வந்தாள், பாயில் உட்கார்ந்தாள், காபியைத் தொடவில்லை.

"சுந்தரம், நான் சொல்லுததைக் கேளு. பதினாறாம் நாளு தாலி கழட்டாம காரியம் முடிஞ்சதா ஆவாது. ரகுபதி அப்பா கறாராச் சொல்லிட்டாவ. அது முடியாத வீட்டுல பொண்ணெடுக்க மாட்டாவளாம்."

"மதினி, இல்லாத தாலிய எப்படி மதினி கழட்டுறது?"

புஷ்பம் தரையைப் பார்த்தாள். "கட்டிட்டுக் கழட்டுவோம்."

தேவானை உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். "அத்தை, அப்பாவுக்கு இது எவ்ளோ அசிங்கம் தெரியுமா? கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

"சும்மா இருடி" என்றாள் சுந்தரவல்லி.

இனி வருவதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானாகத்தான் அவள் மனதுக்குள் போகிறேன். போக உரிமை உண்டா தெரியாது. வேண்டாம், வேண்டாம் என்று கத்துகிற பெண்ணின் கண் வாசலில் நின்ற ரகுபதியின் செருப்பின் மேலேயே இருந்ததை அம்மா பார்த்தாள். இந்த நூலைக் கட்டினால், தாலி வேண்டாம் என்று செத்தவருக்குக் கொடுத்த வாக்கு போச்சு. கட்டாவிட்டால் உயிரோடு இருக்கிறவளின் வாழ்க்கை போச்சு. இருபத்தோரு வருஷம் கூட்டத்துக்குக் கூட்டம் அவர் பக்கத்தில் தாலியில்லாத கழுத்தோடு உட்கார்ந்தவள். தெருவில் வரலட்சுமி நோன்புக்குக் கூப்பிடாமல் விட்டார்கள். ஒரு நாள்கூட அதை அவரிடம் சொல்லிக்கொண்டதில்லை.

"சரி மதினி" என்றாள்.

அடுத்த கேள்வி, யார் போய் வாங்குவது? கழற்றுவதற்கென்று தாலி வாங்க எந்தச் சுமங்கலி போவாள்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பத்து நாலு வயதிலேயே புருஷனை இழந்தவள் நான். பதினாலாம் நாள் தெருமுனையில் பூக்காரி தாயம்மா கேட்டாள்: "இன்னா வேலம்மாக்கா, குடையெல்லாம் எடுத்துக்கினு எங்க கெளம்பிட்ட? எதுனா விசேசமா?" நான் பஸ் ஏறினேன்.

4

வியாழக்கிழமை காலை. சுந்தரவல்லியைத் தலைக்கு ஊற்றி, கூறைப்புடவை கட்டி, கை நிறைய வளையல் அடுக்கி, பூ வைத்து உட்கார்த்தினார்கள். கல்யாணத்தன்றுகூட அவளுக்கு இவ்வளவு அலங்காரம் இல்லை. சுவரோரம் தனபாலன் படம், மார்பளவுப் படம். புஷ்பம் மஞ்சள் கயிற்றைத் தட்டிலிருந்து எடுத்துப் படத்தருகே கொண்டுபோனாள். அவர் கையில் தொட்டு வாங்கவேண்டும் என்று நினைத்திருப்பாள். படத்தில் கை இல்லை. பிறகு கயிற்றைக் கண்ணாடியில் ஒற்றி எடுத்து, தானே கட்டினாள்.

இங்கேதான் நான் முதல் தடவை எழுதியது கெட்டுப்போனது. முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் நாத்தனார் போடுவது என்று அவர்கள் பக்கம் வழக்கம்.* மூன்றையும் போட்டுக்கொண்டே புஷ்பம் தேம்ப ஆரம்பித்தாள்.

"உங்க கல்யாணத்தன்னிக்கு அப்பா என்னய விடல சுந்தரம். தாலியில்லாத கல்யாணத்துக்குப் போனா காலை ஒடிப்பேன்னாவ. பட்டுச்சேலை எடுத்து வச்சிருந்தேன். எனக்கு இருக்கது ஒத்தத் தம்பி. நாத்தனார் முடிச்சுப் போட எனக்குக் குடுத்து வைக்கலியேன்னு இத்தன வருசம்..."

சுந்தரவல்லி திரும்பி அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவே அந்தப் பொட்டு நசுங்கியது.

*எல்லா வீட்டிலும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் மூன்றும் அவரே போட்டார்.

5

வெள்ளிக்கிழமை காலை. கழற்றுவதைச் சுமங்கலிகள் பார்க்கக்கூடாது. புஷ்பமும் மற்றவர்களும் கதவுக்கு வெளியே போனார்கள். உள்ளே நானும் சுந்தரவல்லியும். பின்கழுத்தில் ஒரு நாள் மஞ்சள் ஒட்டியிருந்தது. முடிச்சில் விரலை வைத்தேன்.

"வேலக்கா, கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தேன்.

"அவரு கட்டல இத. அவரு பாத்திருந்தா சிரிச்சிருப்பாரு. எனக்கு ஏன்க்கா ஒடம்பெல்லாம் நடுங்குது? முந்தாநாள் வரைக்கும் இல்லாத ஒண்ண இன்னைக்கு எடுக்கறதுக்கு?"

வெளியே வெள்ளைச்சாமியின் குரல்: "இன்னுமா முடியல?" பிறகு கதவில் வாயை வைத்துப் புஷ்பம்: "வேலம்மா, மெதுவா. இறுக்கமா இருக்கும். நான்தான் இறுக்கிட்டேன்."

6

முடிவு ஒன்று: அவிழ்த்தேன். பாலில் போட்டோம். தையில் தேவானைக்குக் கல்யாணம். மணவறைப் பக்கம் அம்மா வரவில்லை, வரக்கூடாது. இரண்டாம் பந்தியில் சாப்பிட்டாள்.

முடிவு இரண்டு: அவள் எழுந்து, கழுத்துத் தாலியோடு கதவைத் திறந்தாள். "இது எங்க மதினி கட்டுனது. மதினி உசுரோட இருக்காங்க. எதுக்குக் கழட்டணும்?" வெள்ளைச்சாமி மகனைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார். தேவானை இன்று வரைக்கும்—

(மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அதில் புஷ்பம் உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். ஆசைப்பட்டு எழுதியது. அடித்துவிட்டேன்.)

நடந்தது எதுவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்ல வரவில்லை. எத்தனையோ பெண்களுக்கு அந்தக் காரியத்தைச் செய்த கை இது. எனக்கு யாரோ செய்ததை நான் மற்றவர்களுக்குச் செய்தேன். யாரும் அதுவரை என்னிடம் பொறுங்கள் என்று சொன்னதில்லை.

அவள் இன்னும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். கதவுக்கு வெளியே அத்தனை பேரும் நிற்கிறார்கள். நான் விரலை எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் வாருங்கள். வந்து, அந்த முடிச்சில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள்.