வெளியே என்று சொன்னவள்

1

இந்தக் கதையை நானாக எழுத நினைக்கவில்லை. அண்ணி கேட்டாள். (நேரில் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவேன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அதனால் எழுத்தில் மட்டும் 'கேட்டாள்' என்று எழுதிப் பழி தீர்த்துக்கொள்கிறேன்.)

அண்ணி ஒரு கல்லூரியில் பெண்கள் ஃப்ரிஸ்பீ அணிக்குப் பயிற்சியாளர். அடுத்த வாரம் அங்கே போட்டி. அதற்கு ஒரு சின்ன மலர் அச்சடிக்கிறார்கள்.

"ரெண்டு பக்கம் போதும். நம்ம ஃபைனலைப் பத்தி எழுது. இப்ப வர்ற பொண்ணுங்க தோத்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குதுங்க. எப்படித் தோக்குறதுன்னு அதுங்களுக்குத் தெரியணும்."

"நான் ஜெயிச்ச டீம் அண்ணி. தோக்குறதைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"நான் தோத்ததைப் பக்கத்துல நின்னு பார்த்தவ நீதானே? உன்னை விட்டா வேற யார் எழுதுவா?"

நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. இன்று ஞாயிறு, காலை மணி பதினொன்று. மூன்று முறை தொடங்கிவிட்டேன். நான்கு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "அன்று மைதானத்தில் காற்று ஒரு நிலையில்லாமல்—"

[விட்டுவிட்டேன். ஃப்ரிஸ்பீ கதை என்றால் காற்று வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அன்று காற்று ஒரு தப்பும் செய்யவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகிவிடும்.]

இரண்டாவது: "தோல்வி என்பது—"

['என்பது' என்று தொடங்கும் எதையும் பிள்ளைகள் படிப்பதில்லை. நானும் படிப்பதில்லை.]

மூன்றாவது தொடக்கத்தை அண்ணியின் குரலில் எழுதினேன். "நான் அன்று தோற்றேன்." மூன்று பத்தி தடையில்லாமல் ஓடியது. "என் கால் எங்கே பட்டது என்று எனக்குத் தெரியவில்லை" என்ற இடத்தில் நின்றது. அந்த வரி உண்மை. அவளுக்கு நிஜமாகவே தெரியாது. அடுத்த வரியை அவள் குரலில் எழுத முடியாது, ஏனென்றால் அதைப் பேசியவள் நான்.

3

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஒரு பிளாஸ்டிக் தட்டு. பக்கத்துக்கு ஏழு பேர். தட்டோடு ஓடக் கூடாது, வீசித்தான் நகர்த்த வேண்டும். மைதானத்தின் கடைசியில் கோடு போட்ட பகுதிக்குள் நம் ஆள் பிடித்தால் ஒரு புள்ளி. தாவிப் பிடித்தால், தரையில் முதலில் படும் கால் கோட்டுக்கு உள்ளே பட வேண்டும்; வெளியே பட்டால் புள்ளி இல்லை, தட்டும் எதிரணிக்கு.

நடுவர் கிடையாது. ஆடுகிறவர்களே தப்பைச் சொல்லிக்கொள்ள வேண்டும். உள்ளேயா வெளியேயா என்று யார் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்ததோ அவர் சொல்லலாம், எதிரணியாக இருந்தாலும் சரி. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒன்றுக்கொன்று மதிப்பெண் போடும். அதில் நியாயத்துக்கு என்றே ஒரு வரி உண்டு.

(என் அண்ணன் பெயின்ட் கடையில் நிறம் கலப்பவன். முதன்முதலாக இதைக் கேட்டபோது, "அப்போ எல்லாரும் ஏமாத்த மாட்டாங்களா?" என்றான். "தாராளமா ஏமாத்தலாம். யாரும் தடுக்க மாட்டாங்க. அதுதான் கஷ்டமே" என்றாள் அண்ணி. அப்போது அவள் அண்ணி ஆகியிருக்கவில்லை. ஆட்டம் பார்க்க வந்தவன் அங்கேயே விழுந்தான்.)

4

மலருக்கு வேண்டிய பகுதி இது.

பதினோரு வருடத்துக்கு முன்பு. பதினான்குக்குப் பதினான்கு. அடுத்த புள்ளி எடுப்பவர்களுக்குக் கோப்பை. எதிரணித் தலைவியை (அண்ணிதான்) அவள் அணியிலேயே 'ஏணி' என்பார்கள். அவ்வளவு உயரம். அவளோடு ஒட்டிக்கொண்டு ஓட வேண்டியது என் வேலை. இடது மூலைக்கு உயரமாக ஒரு வீச்சு வந்தது. ஏணி தாவினாள். நான் ஓரடி பின்னால். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து, தரையில் இறங்கி, உருண்டு, கோட்டுக்கு வெளியே போய்க் கிடந்தாள்.

தூரத்திலிருந்து அவள் அணி மொத்தமும் "உள்ளே! உள்ளே!" என்று கத்தியது. முழங்காலில் பிளாஸ்டர் ஒட்டிய ஒரு குட்டைப் பெண் மட்டும் "கேப்டன், நான் பார்த்தேன்!" என்று ஓடி வந்தாள். [இவளை வெட்டிவிடலாம். இரண்டு பக்கத்தில் கூட்டம் வேண்டாம்.]

ஏணி எழுந்து உட்கார்ந்து கையை உயர்த்தினாள். "கத்தாதீங்க. பக்கத்துல நின்னது அவ." பிறகு என்னிடம், "ஏய், நான் தட்டைத்தான் பார்த்துட்டிருந்தேன். கால் எங்க பட்டுச்சு?"

"வெளியே" என்றேன்.

"சரி" என்று தட்டை என் காலடியில் வைத்துவிட்டுத் தடுக்க ஓடினாள். எட்டு வீச்சில் நாங்கள் புள்ளி எடுத்தோம். முதலில் வந்து என்னைக் கட்டிக்கொண்டது அவள்தான். நியாயத்துக்கு எங்கள் அணிக்கு முழு மதிப்பெண் போட்டாள்.

மகளிரே, தோற்பது இப்படித்தான்.

[இங்கே முடித்தால் சரியாக இரண்டு பக்கம். எண்ணிப் பார்த்துவிட்டேன்.]

5

முடிக்க முடியவில்லை. இந்த 'நான்' என்ற பாத்திரம் எனக்கு உறுத்துகிறது. 'வெளியே' என்று ரொம்பச் சீக்கிரம் சொல்கிறாள். நிஜமாகப் பார்த்தவள் கொஞ்சமாவது யோசிப்பாள். "வெளியேன்னுதான் நினைக்கிறேன்" என்று திருத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. கண்ணில் வெயில் அடித்தது என்று எழுதினேன். சாயங்காலம் நாலரை மணி, வெயில் என் முதுகில் இருந்தது. தூசி என்று எழுதினேன். முந்தின நாள் மழை பெய்து தரை ஈரமாகக் கிடந்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று எத்தனை விதமாகத்தான் எழுதுவது?

சரி.

கால் உள்ளே பட்டது. இடது கால் பெருவிரல், கோட்டிலிருந்து ஒரு சாண் உள்ளே. புல் மடங்கியதைப் பார்த்தேன். அதன் பிறகுதான் உருண்டு வெளியே போனாள். சுண்ணாம்புக் கோடு கலையக்கூட இல்லை. எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வெளியே என்றேன்.

ஏன் என்று எழுத உட்கார்ந்தால் காரணங்கள் வரிசையாக வருகின்றன. மூன்று வருடம் ஆடியும் ஒரு கோப்பை இல்லை. அது எனக்குக் கடைசிப் போட்டி. எங்கள் அணியில் ஒருத்தி—

[வேண்டாம். எழுத எழுத எல்லாம் எனக்குச் சாதகமாகவே வருகிறது. ஜெயிக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது.]

(நான் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்கிறேன். முறிவு என் கண்ணுக்குத் தெரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்வார். பார்த்ததைச் சொல்லாமலிருக்கச் சம்பளம் கொடுக்கும் வேலை எனக்குத் தோதாகத்தான் அமைந்திருக்கிறது.)

6

மூன்று முடிவுகள் யோசித்தேன்.

அ. ஐந்தாம் பகுதியைக் கிழித்துப் போட்டுவிட்டு நாலாவதோடு அனுப்பிவிடுவது. இதில் கோழைத்தனம் மட்டும் இல்லை என்று எனக்கு நானே வாதாடுகிறேன். வருடா வருடம் புதிதாக வரும் பெண்களிடம் அண்ணி அந்த ஃபைனலைத்தான் சொல்கிறாள். வீட்டில் எதற்குச் சண்டை வந்தாலும், "அவளைக் கேளுங்க, அவ சொன்னா சரியா இருக்கும்" என்பாள். கல்யாணப் பேச்சு வந்தபோதே, "தங்கச்சியே இப்படின்னா அண்ணன் எப்படி இருப்பார்னு யோசிச்சேன், சம்மதிச்சுட்டேன்" என்று சிரித்தவள். அவள் பெருமைப்படுகிற ஒரே தோல்வி அது. அதையும் நான் பிடுங்க வேண்டுமா?

ஆ. அண்ணி படிக்கிறாள், புன்னகைக்கிறாள், "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறாள். நான் அழுகிறேன். [இதை எழுதினால் நீங்கள் புத்தகத்தை என் மேலேயே எறிவீர்கள். அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே கேட்டிருப்பாள்.]

இ. அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள். [அந்தப் பெட்டியின் ஜிப் போன வருடமே பிய்ந்துவிட்டது.]

மணி இரண்டாகிறது. இதற்கு மேல் என்னால் உட்கார முடியாது. ஆறு பகுதியையும் அப்படியே அண்ணியிடம் கொடுக்கப் போகிறேன். இந்த வரியையும் அவள் படிப்பாள்.

7

அண்ணி கட்டில் ஓரத்தில், மடிக்காத துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தாள். முதல் இரண்டு பகுதிக்குச் சிரித்தாள். ஐந்தாவதை முடித்ததும் மறுபடி மேலே போய் நாலாவதைப் படித்தாள். பிறகு ஆறாவது. அடுத்த அறையிலிருந்து அண்ணன், "என்ன, கதை தேறுமா?" என்றான்.

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். உண்மையைச் சொன்னால், மன்னிப்பு வாங்கவும் தயாராக நின்றேன்.

"இதுல ஏன் ரெண்டே பேர் இருக்கோம்?" என்றாள்.

"கதைக்கு அது போதும்னு..."

"ஏழு பேர் ஆடினோம்டி."

இத்தனை வருடத்தில் என்னை அவள் 'டி' போட்டுக் கூப்பிட்டதில்லை.

"முழங்கால்ல பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டு ஒருத்தி ஓடி வந்தாளே, வெட்டிடலாம்னு எழுதி வச்சிருக்கியே, அவ நிஜமாவே பார்த்திருக்கா. பஸ்ல வர்றப்போ கூட 'கேப்டன், சத்தியமா உள்ளே'ன்னு சொல்லிட்டே வந்தா. தோல்வியை ஏத்துக்கத் தெரியலைன்னு எல்லார் முன்னாடியும் அவளைத் திட்டினேன். எதிராளியைப் பொய்க்காரின்னு சொல்ற பொண்ணு எனக்கு வேண்டாம்னு அடுத்த வருஷம் டீம்ல எடுக்கல. அதோட அவ ஆடுறதையே விட்டுட்டா."

இப்படி ஒன்று நடந்தது இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. மூன்று முடிவு யோசித்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். மூன்றிலும் என் கவலை ஒன்றே ஒன்றுதான், எனக்கு மன்னிப்பு கிடைக்குமா கிடைக்காதா. அந்தப் பெண் எதிலும் இல்லை.

"உங்களுக்கு என் மேல கோவம் இல்லையா அண்ணி?"

"இருக்கு. என் முறை அப்புறம்."

தன் ஃபோனை எடுத்து ஒரு எண்ணைத் தேடினாள். "அவ பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் வாழ்த்து அனுப்புவேன். 'நன்றி'ன்னு ஒரு வார்த்தை வரும். கூப்பிட்டுப் பேசினதே இல்ல. மலருக்கு இதையே அனுப்பு, ஒரு வரி மாத்தாதே. ஆனா முதல்ல அவகிட்ட சொல்லு. நீ சொல்லி முடிச்சதும் என்கிட்ட குடு. நானும் சொல்ல வேண்டியது இருக்கு."

ஃபோனை மேசைமேல் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி அழுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மணி போகிறது. ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு வரி எழுதுகிறேன், சும்மா நிற்க என்னால் முடியவில்லை.

வாசகரே, நாலாவது முடிவு ஒன்று கேட்காதீர்கள். அவள் ஏதாவது ஒன்றைச் சொல்வதாக நான் எழுதினால், இன்னொரு முறை அவளுக்காக நானே பேசியதாகிவிடும். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ—

எடுத்துவிட்டாள்.

இத்தனை வருடம் கழித்தும், எண்ணைப் பார்த்துவிட்டு அந்தக் குரல் கேட்கிறது:

"கேப்டன்?"