மூலை வெட்டிய அட்டைகள்

சவப்பெட்டியின் கால்மாட்டில் கொஞ்சம் இடம் இருந்தது. வேட்டி மடிப்பை விலக்கி, ரப்பர் வளையம் போட்ட அட்டைக் கட்டை அப்பாவின் பாதங்களுக்கு நடுவே செருகிவிட்டு நிமிர்ந்தாள் சுமித்திரா. நூற்று நாற்பத்து மூன்று அட்டைகள். அவள் கணக்கில் நூற்று நாற்பத்து மூன்று செத்தவர்கள்.

"என்ன பிள்ளை பெட்டிக்குள்ள வைக்கிறாய்?" என்று கேட்டாள் அடுத்த வீட்டு விமலேஸ்வரி.

"அப்பாட ஆக்கள் அக்கா. அவரோடயே போகட்டும்."

அழுது வீங்கின முகம்தான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பரபரப்பு துள்ளிக்கொண்டிருந்தது. செத்த வீட்டில் அதை எங்கே ஒளிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல ஏலாது. மூன்று மாதமாக அப்பாவும் மகளும் அந்தப் பரபரப்போடுதான் சாப்பிட்டார்கள், படுத்தார்கள், எழும்பினார்கள்.

அப்பா மூக்கனுக்கு வவுனியாவில் வீட்டோடு ஒட்டின மூக்குக்கண்ணாடிக் கடை. அந்தப் பெயருக்கு அந்தத் தொழிலா என்று ஊர் பகிடி பண்ணும். பண்ணினவர்களும் நாற்பது தாண்டியதும் அவர் முன்னால் வந்து குந்தியிருந்து சுவரில் எழுத்து வாசித்தார்கள். எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வெறுங்கையோடு வந்த மனிசன், இருபது வருஷமாக வந்தவருக்கெல்லாம் ஆளுக்கொரு அட்டை போட்டு வைத்திருந்தார். பெயர், ஊர், வலது கண், இடது கண். பதினொரு பிஸ்கட் தகர ரின்களில் இரண்டாயிரத்து நானூறு அட்டைகள்.

கொழும்பில் ஒரு கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்து, அத்தனையும் அதற்குள் போகப்போகிறது என்றதும் வீடே தலைகீழாகிப் போனது. சுமித்திரா படித்த கணினி நிலையத்து வாத்தியார் ஜனகன் கடைக்கென்றே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். பெயரில் இரண்டு எழுத்தைத் தட்டினால் ஆளும் கண்ணும் திரையில் வந்து நிற்கும்.

"அடேங்கப்பா! ரெண்டே எழுத்தா?" மூக்கன் கை தட்டிச் சிரித்தார். "நான் ரெண்டு மணித்தியாலம் தேடுவேனேம்மா!"

பெரிய தாளில் அடிமட்டம் வைத்துப் பன்னிரண்டு நிரல் கீறினாள் சுமித்திரா. எந்தத் தகவல் எந்த நிரலுக்குள் போகும், எந்த ரின்னில் தொடங்குவது, எது வேண்டாம். கண்டாவளை ரின், பூநகரி ரின், ஒட்டுசுட்டான் ரின் என்று ஊர் ஊராகப் பிரித்து வைத்திருந்தார் அவர். சண்டையில் ஊரெல்லாம் இடம்பெயர்ந்து வருஷக்கணக்காகியும் ரின்கள் மட்டும் இடம் மாறாமல் இருந்தன.

ஒரு நாள் அவர் பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் 'கிழமை' என்று எழுதினார். "இது ஒண்ணு சேத்துக்கம்மா."

"கண்ணாடிக்கு என்னத்துக்கப்பா கிழமை? கம்ப்யூட்டர் சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். வெளக்கமா சொல்றேன், இரு."

அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது. சுமித்திரா அதை அழித்துவிட்டாள். அவரும் பிறகு கேட்கவில்லை.

போன சனிக்கிழமை, ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சாய்ந்தார். நெஞ்சு. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரமெல்லாம் அவள் ஒரு வெறியோடு அட்டை பிரித்தாள். அப்பா எழும்பி வரும்போது வேலை முடிந்திருக்க வேண்டும்! அப்போதுதான் மூலை வெட்டிய அட்டைகள் கண்ணில் பட்டன. வலது மேல்மூலை நறுக்கென்று கத்தரித்திருந்தது. ஊர் விலாசம் கோடு கீறி அழித்திருந்தது. வேறு விலாசம் இல்லை. நல்ல காரியக் கடிதத்துக்கு நாங்கள் மூலையில்தானே மஞ்சள் பூசுகிறோம்? மூலையையே வெட்டி எறிந்திருந்தால் வேறென்ன அர்த்தம்? செத்துப் போனதுகள், பாவம். எல்லாவற்றையும் விலத்திக் கட்டி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் காதோடு குனிந்து சொன்னாள். "முடிஞ்சுது அப்பா! எல்லாம் பிரிச்சிட்டன். அந்த மூலை வெட்டின ஆக்களையும் விலத்திட்டன்."

வாயில் குழாய். அவர் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். என்ன சந்தோஷம் பார் என்று அவள் அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

திங்கள் விடிய அவர் போய்விட்டார். இன்று செவ்வாய். காலையில் பறை அடிக்கிற நேரம் பார்த்து கொழும்பு லொறி வந்து வாசலில் கம்ப்யூட்டரை இறக்கியது. திருப்பி அனுப்பவா முடியும்? வீட்டுக்குள் ஒரு பெட்டி, விறாந்தையில் ஒரு பெட்டி.

ஒரு மணியிருக்கும். படலையில் உழவு இயந்திரம் ஒன்று இரைந்து வந்து நின்றது. பின்னால் இழுவைப் பெட்டி நிறைய சனம், அநேகமாகக் கிழடு கட்டைகள். இடம்பெயர்ந்தவர்களின் நலன்புரி முகாமிலிருந்து பாஸ் எடுத்து வந்திருக்கிறார்கள். நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். முன்னால் வந்த மனுசியின் கண்ணாடியில் இடது பக்கக் கால் கழன்றிருந்தது, நூலால் காதில் கட்டியிருந்தாள்.

அவள் உள்ளே வந்து சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வியாழக்கிழமை வந்து ஆணி முறுக்கித் தாரேன்னீங்களே ஐயா! இனி யாரு வருவா எங்களத் தேடி?"

சுமித்திரா கிட்ட வந்தாள். "அம்மா, உங்கட பேர் என்ன?"

"ராக்காயி. கண்டாவளைப் பக்கம் இருந்தோம்மா."

ராக்காயி! கண்டாவளை ரின், மூலை வெட்டியது, இரண்டு கண்ணிலும் பிளஸ் மூன்று. இப்போது பெட்டிக்குள் கிடக்கிறாள். இதோ முன்னால் நின்று மூக்கைச் சிந்துகிறாள்.

"அம்மா!" சுமித்திரா போட்ட சத்தத்தில் ஒப்பாரி நின்றது. "அப்பா ஏன் அட்டை மூலையை வெட்டுறவர்?"

சுவரோடு சாய்ந்திருந்த தாய் சிவலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். "முகாமுக்குப் போற அட்டையள். விடிய வெளிக்கிடேக்க கரண்ட் இராது. தடவி எடுக்கத்தான் வெட்டினவர். வியாழக்கிழமையில நீ வகுப்புக்குப் போயிடுவாய். அவர் சைக்கிளில அங்க போவார்."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியோ?"

ஐயோ, அந்தக் கை! சந்தோஷத்தில் ஆடின கையா அது? வேண்டாம், வேண்டாம் என்றல்லவா ஆடியது!

அதற்குள் சவப்பெட்டிக்காரர் மூடுவதற்கு மூடியைத் தூக்கிவிட்டார். "மூடாதேங்கோ!" என்று பாய்ந்து போய் அப்பாவின் கால்மாட்டில் கை விட்டாள் சுமித்திரா.

"கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறதோ? விசரே உனக்கு?" என்று விமலேஸ்வரி கையைப் பிடித்தாள்.

"உயிரோட இருக்குதுகள் அக்கா! எல்லாம் உயிரோட இருக்குதுகள்!"

ரப்பர் வளையத்தை அறுத்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள்.

"சிவனேஸ்வரி, பூநகரி!"

"இருக்கிறன் பிள்ளை."

"ராசு, ஒட்டுசுட்டான்!"

"ராசண்ணைக்குக் கால் ஏலாது. முகாமில கிடக்கிறார். உயிருக்கொண்டுமில்லை."

ஒவ்வொரு 'இருக்கிறன்' கேட்கும்போதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூக்கைத் துடைக்கவும் நேரமில்லாமல் கூப்பிட்டாள். மற்றவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. முற்றத்தில் நின்ற ஆம்பிளைகளும் எட்டிப் பார்த்து, தங்களுக்குத் தெரிந்த ஆட்களுக்கு மறுமொழி சொன்னார்கள். ஜனகன் தன்பாட்டில் எண்ணத் தொடங்கிவிட்டான்.

"பாலன், கண்டாவளை!"

"அவர் மாசியில தவறிப் போயிட்டாரும்மா" என்றாள் ராக்காயி.

சுமித்திரா அந்த அட்டையை மட்டும் பழைய இடத்தில் வைத்தாள். இப்படி மூன்று திரும்பிப் போயின. நூற்று நாற்பது அவள் கையில் இருந்தன. பெட்டியை மூடினார்கள்.

மூன்றரைக்குச் சுடலைக்கு எடுத்தார்கள். பெண்கள் படலையோடு நின்றார்கள். பறைச் சத்தம் ஒரு பக்கம் போக, உழவு இயந்திரம் முகாம் பக்கமாக விரைந்தது. ராக்காயி நூல் கட்டின கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சுமித்திரா அது வளைவில் மறையும்வரை நின்றாள்.

தலை முழுகிவிட்டு வந்து கடை மேசையில் தாளை விரித்தாள். அடிமட்டத்தை வைத்துப் பதின்மூன்றாவது நிரலைக் கீறினாள். தாள் ஓரத்தில் இடம் காணாது, கோடு கொஞ்சம் சரிந்தது. மேலே 'கிழமை' என்று எழுதினாள். முதல் வரியில் ராக்காயி. அவள் பெயருக்கு நேரே: வியாழன், இடது கால், ஆணி.

"அம்மா, நாளையிண்டைக்கு வியாழன். முகாமுக்கு நான் போறன்" என்றாள்.

"செத்த வீட்டுத் துடக்கோட வெளிக்கிட்டா சனம் என்ன சொல்லும்?" என்றாள் விமலேஸ்வரி.

சிவலட்சுமி எழும்பிக் குசினிக்குள் போனாள். அன்று அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஆனாலும் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வந்து, மூக்கன் வியாழக்கிழமைகளில் முகாமுக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பெட்டியைத் துணியால் துடைத்து, பிரிக்காத கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.