காரணம் எழுதிய கிராணி

என் வீட்டுக்காரர் அம்புரோஸ் இருபத்திரண்டு வருடம் ரயிலில் கார்டாக இருந்தவர். ரயில் மூன்று நிமிடம் தாமதித்தாலும் நேரத்தைக் குறித்துப் பக்கத்தில் காரணத்தையும் எழுத வேண்டும். 'எருமை குறுக்கே வந்தது', 'கனமழை' என்று எழுதி எழுதி, வீட்டில் சோறு குழைந்தால்கூட என்னிடம் காரணம் கேட்கிற மனுஷராகிவிட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் மலாயாவில் ரப்பர் விலை விழுந்து எங்கும் ஆட்களைக் குறைத்தபோது, நாற்பத்தாறு வயதில் அவருக்கும் வேலை போயிற்று. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸை இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும். பிழைப்பு இல்லாதவர்களுக்கு நாகப்பட்டினத்துக்கு இலவசக் கப்பல் உண்டு, ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்றார்கள். நான் பிறந்ததே மலாயாவில், செந்தூலில். பார்த்தே இராத ஊருக்கு எப்படித் திரும்புவது? செத்தாலும் கப்பல் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் அவர் கிராணியாக, அதாவது கடைக் கணக்குப்பிள்ளையாக, ஆவதென்று தீர்மானித்து, கணக்கெழுதப் பழக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தார். மற்றவர்களுக்கெல்லாம் இருபது வயது. இவர் மட்டும் நரைத்த மீசையோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வாத்தியார் இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பாராம். கணக்கின் வரவு, செலவு என்ற இரண்டு பக்கமும் அவருக்குப் பிடிபடவே இல்லை. கடைசியில் என் பச்சை ரவிக்கைத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து மேசையின் இடப்பக்கம் வைத்தார், வலப்பக்கம் ஒரு சிவப்புத் துண்டு. அந்தக் கொடிகளைப் பார்த்த பிறகுதான் கணக்கு நகர்ந்தது. எங்கள் மகள் உர்சுலா சாப்பாட்டுத் தட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் நிற்பாள்.

கிள்ளானில் சாமான் கடை வைத்திருந்த நாகையா அவரை ஒரு மாதம் சம்பளமில்லாமல் வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். கணக்கு சரியாக இருந்தால் மாதம் முப்பது வெள்ளியும், குடியிருக்கக் கடையின் மேல்மாடியும். இல்லாவிட்டால் கப்பல்தான்.

தினமும் காலை ரயிலில் கிளம்பிவிடுவார். நான் சோறு கட்ட வந்தால், "வேணாம் பிலோமினா, கடையிலயே சாப்பாடு தராங்க" என்பார். எனக்கும் நிம்மதி. வீட்டில் அரிசி நிலைமை அப்படி இருந்தது.

மாதக் கடைசியில், முடிவு தெரிந்துகொள்ள நானும் கிள்ளானுக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே நாகையாவின் சத்தம் கேட்டது.

"என்னய்யா எழுதி வச்சிருக்க? என் கடையில நான் எடுக்குறதுக்கும் கணக்கா? எந்தக் கடையிலய்யா இப்படி எழுதுறாங்க?"

"சாமான் வெளிய போனா எழுதணும் மொதலாளி. வகுப்புல அப்படித்தான் சொன்னாங்க" என்றார் இவர், ரயில் புறப்படும் நேரத்தைச் சொல்வதுபோல.

நாகையாவின் மனைவி வீரம்மா உள்ளேயிருந்து வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நாகையாவின் கையிலிருந்த பேரேட்டைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். "படி தங்கச்சி. கடையில சாமான் குறையுறதெல்லாம் என் அடுப்பாலதான்னு பத்து வருஷமா சொல்றாரு. கேப்போம்லா."

நான் படித்தேன். 'காலை 10.12. முதலாளி, சுருட்டு நான்கு. காரணம்: சிநேகிதர் வந்தார். 11.05. முதலாளி, பிஸ்கட் டின் ஒன்று. காரணம்: அதே சிநேகிதர், போகவில்லை.' பக்கம் பக்கமாக அந்தச் சிநேகிதர் வந்துகொண்டே இருந்தார். வீரம்மா சிரித்துச் சிரித்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

நாகையாவின் முகம் கறுத்தது. "அப்ப இந்தக் கடையில என்னைத் தவிர யாருமே எதையும் தொடலயா?"

"தொட்டாங்க மொதலாளி. பதினேழாம் பக்கம்" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "அத நீ படிக்க வேணாம்" என்றார்.

வேண்டாம் என்றால் விடுகிறவளா நான்? புரட்டி உரக்கப் படித்தேன். 'பிற்பகல் 2.40. கிராணி அம்புரோஸ், வறுகடலை ஒரு பிடி, ஒரு காசு. முதல் சம்பளத்தில் கழிக்கவும். காரணம்: பசி.'

அடுத்த நாளும் அதேதான், அதற்கடுத்த நாளும். பத்தொன்பது இடத்தில் பசி என்று எழுதியிருந்தது. கடையில் சாப்பாடு தருகிறார்கள் என்று தினமும் என்னிடம் சொன்ன மனுஷர் இவர்தான். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வீரம்மா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். நாகையா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்தக் கடலைய அடிச்சிடுய்யா."

"எழுதினத அடிக்கக் கூடாதுங்க."

நாகையா இடுப்பிலிருந்து மேல்மாடிச் சாவியை அவிழ்த்துப் பேரேட்டின்மேல் வைத்தார்.

மேல்மாடிக்குக் குடிவந்த மறுநாள், நான் மாடியிலிருந்து சோறு கொண்டுவந்து கொடுத்த பிறகு, பேரேட்டைத் திறந்து பார்த்தேன். 'பகல் 12.30. கிராணிக்குச் சோறும் மீன் குழம்பும். காரணம்: மனைவி பக்கத்திலேயே நிற்கிறாள்.'