சொல்லாமல் மாற்றிய கார்டு

என் வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் கல்லுளிமங்கன். கல்யாணமான புதிதில் செல்லமாக வைத்தது. பாப்பா போன பிறகு செல்லம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

நாங்கள் இருவரும் சேர்ந்து நெட்வொர்க் வேலை பார்க்கிறோம். அன்று போனது டிக்கெட் பதிவு செய்யும் ஓர் ஆபீஸுக்கு. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒன்றிலும் டிஸ்க் கிடையாது. சொந்தமாக ஒரு குந்துமணி கூட வைத்துக்கொள்ளாத பிறவிகள். பொத்தானை அமுக்கினால் மாடியிலிருக்கும் சர்வரிடமிருந்துதான் சகலத்தையும் இழுத்துக்கொண்டு கண் விழிக்கும்.

"மெஷினைப் போட்டுட்டுக் குளிச்சு சாப்பிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும்மா," என்றாள் மேனேஜரம்மா. "இன்னிக்குச் சரியாகலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

எனக்கும் அவரோடு அன்றுதான் கடைசி நாள். வேலை முடிந்ததும் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவு. துணிப்பை வண்டியிலேயே இருந்தது. அவரிடமும் சொல்லிவிட்டேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

பாப்பா மூச்சில்லாமல் பிறந்தாள். எனக்கு மயக்க மருந்து, பிறகு காய்ச்சல். நினைவு தெளிவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. அவளைக் கையில் வாங்கிப் பார்த்தது இவர் ஒருவர்தான். கண் யார் ஜாடை, எப்படி இருந்தாள் என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டது. "சாப்பிட்டியா?" என்பார். "மாத்திரை போட்டியா?" என்பார். என் பிள்ளையின் முகத்தை வாய்க்குள் பூட்டி வைத்திருக்கும் மனுஷனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

அவர் மாடியில், சர்வரிடம். நான் கீழே, வயரெல்லாம் வந்து சேரும் சுவிட்சின் முன்னால், காதில் போனோடு. சின்னதாக ஒரு சோதனைச் செய்தி அனுப்பினேன். போன கையோடு பதில் வந்தது. பெரிய ஃபைல் ஒன்றை இழுத்துப் பார்த்தேன். நொண்டியது.

"சின்னது போகுது. பெருசுதான் திணறுது. வயரை மாத்தியும் அதே கதைதான்," என்றேன்.

"என் பக்கம் சரியாத்தான் இருக்கு."

"என் பக்கமும்தான் சரியா இருக்கு. அப்போ நடுவுல பேயா புகுந்துச்சு?"

சர்வர் வயர் வந்து சேரும் போர்ட்டின் கணக்கைத் திறந்தேன். மேலேயிருந்து வரும் செய்தியெல்லாம் உடைந்த துண்டுகளாக வந்து குவிந்திருந்தது. தெரிந்த நோய்தான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று இந்த முனையில் கையால் வைத்திருக்கிறோம். மறு முனையிலும் அப்படியே வைக்க வேண்டும். அதை ஆட்டோவில், அதாவது தானே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டால், எப்படிப் பேசலாம் என்று கேட்டுப் பார்க்கும், இங்கிருந்து பதில் போகாது. சரி, ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் பேச வேண்டும்போல என்று தானே அடங்கிவிடும். அப்புறம் ஒன்றின் பேச்சில் இன்னொன்று விழும். சின்னப் பேச்சு தப்பித்துவிடும், பெரிய பேச்சுதான் சிதறும்.

"உங்க பக்கம் செட்டிங் என்ன?"

"ஆட்டோல இருக்கு," என்றார்.

"ரெண்டு பேருமா உட்கார்ந்து வச்சோமே! யாரு மாத்தினது?"

"சர்வர்ல பழைய நெட்வொர்க் கார்டு போயிடுச்சு. புதுசு போட்டேன். அது ஆட்டோலதான் வரும்."

"எங்கிட்ட சொல்லாமலா?"

எங்கள் தொழிலில் எங்களுக்கென்று ஒரே சட்டம்தான். ஒரு முனையைத் தொட்டவர், மறு முனைக்குப் போன் பண்ணாமல் கையை எடுக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். அந்தப் போன்களில்தான் எங்கள் காதலே வளர்ந்தது.

"எப்போ போட்டீங்க?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து உன்னைக் கூட்டிட்டு வந்த மறுநாள்."

என்னைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாரே, அந்த நாள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"உனக்குச் சொல்லத்தான் போனை எடுத்தேன். கார்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, நீ பாப்பாவைக் கேப்பே. வச்சுட்டேன்."

போனில் கீபோர்டு சத்தம் கேட்டது, செட்டிங்கை மாற்றினார். சுவிட்சில் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. கூடத்தில் யாரோ ஒருத்தி, "அட, வந்துருச்சு!" என்று கத்தினாள். மேனேஜரம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நான் போனை இறக்கவில்லை.

"முடி நிறைய இருந்துச்சு," என்றார். "மூக்கு அப்படியே உன்னோடது. கட்டை விரலை உள்ள வச்சுக் கையை மூடியிருந்தா. நீ தூங்கறப்ப வைப்பியே, அது மாதிரி. பிரிச்சுப் பார்க்கலாம்னு நினைச்சேன். மனசு வரல."

ஆபீஸ் என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது. அப்படியும் போதவில்லை.

"கண்ணு? கண்ணு உங்களை மாதிரியா?"



"அதைத்தானே நீ முதல்ல கேப்பே," என்றார். "எனக்குத் தெரியலம்மா. அவ தொறக்கவே இல்ல. அதை எந்த வாயால உங்கிட்ட சொல்லுவேன்?"

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.